ஷெரிஃபைச் சுட்டது யார்?

1976 ஆகஸ்ட் 5. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஓடியன் அரங்கில் எரிக் கிளாப்டனின் இசை நிகழ்ச்சி. "கிளாப்டன்தான் கடவுள்" என்று லண்டன் சுவரில் ரசிகர்கள் எழுதிவைத்த கிட்டார் கலைஞர் அவர். அன்று பாட்டுக்கு நடுவே மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தார். அரங்கில் வெளிநாட்டுக்காரர்கள் இருந்தால் கையைத் தூக்குங்கள் என்றார். அவர்கள் எல்லாரும் நாட்டைவிட்டே போக வேண்டும் என்றார். கறுப்பின மக்களையும் நம்மைப் போன்ற தெற்காசியர்களையும் குறிக்கும் வசைச்சொற்களை வாய்கூசாமல் சொன்னார். இனோக் பவலை ஆதரியுங்கள், பிரிட்டன் கறுப்பர்களின் காலனி ஆகிவிடக் கூடாது என்றார்.

இனோக் பவல் என்ற அரசியல்வாதி 1968 ஏப்ரல் 20 அன்று அதே பர்மிங்காமில்தான், குடியேறிகளால் இந்த நாட்டில் ரத்த ஆறு ஓடும் என்ற பொருளில் பேசினார். மறுநாளே அவருடைய கட்சித் தலைமை அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. ஆனால் அந்தப் பேச்சு தெருவுக்குப் போய்விட்டது. கிளாப்டன் மேடையேறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூன் 4 அன்று, லண்டனின் சவுத்தால் பகுதியில் குர்தீப் சிங் சக்கர் என்ற மாணவர் வெள்ளை இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். இந்தச் சூழலில்தான் அந்த வார்த்தைகள் மேடையிலிருந்து வந்தன.

இதே கிளாப்டனுக்கு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் வாங்கிக் கொடுத்தது எந்தப் பாட்டு தெரியுமா தோழர்களே? பாப் மார்லி எழுதிய 'ஐ ஷாட் த ஷெரிஃப்'. 1974இல், அதாவது பர்மிங்காம் பேச்சுக்கு இரண்டே ஆண்டு முன்பு. அவர் கிட்டார் கற்றதே கறுப்பினக் கலைஞர்களின் புளூஸ் இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான். தான் இருந்த குழு புளூஸை விட்டு ஜனரஞ்சகப் பாட்டுக்குப் போகிறது என்று 1965இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவையே விட்டு விலகிய மனிதர். புளூஸ் விஷயத்தில் அவ்வளவு ஆசாரம்!

ஒரு மக்களின் பாட்டை உயிராக நேசிக்கிறவர் அந்த மக்களை நாட்டைவிட்டு விரட்டச் சொல்வது எப்படி? வழக்கமாக இரண்டு பதில் வரும். ஒன்று, அன்று குடித்திருந்தார். இன்னொன்று, கலையையும் கலைஞனையும் குழப்பாதீர்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. குடி உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவரும், இல்லாததை உண்டாக்காது. கலை வேறு கலைஞர் வேறு என்ற வாதமோ இங்கே பொருந்தவே இல்லை. ஏனென்றால் சிக்கல் அவருடைய கலைக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பாட்டுகளை அவர் வாசித்தார், ஆனால் படிக்கவில்லை.

ராபர்ட் ஜான்சனிலிருந்து தொடங்குவோம். 1911இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஹேசல்ஹர்ஸ்ட் ஊரில் பிறந்தவர், 1938இல் 27 வயதில் இறந்தவர். மொத்தம் 29 பாடல்கள்தான் பதிவு செய்தார். 1936 நவம்பரிலும் 1937 ஜூனிலும், டெக்சாஸில். அவருடைய தாயின் கணவர் சார்லஸ் டாட்ஸ் சொந்த நிலமும் மரச்சாமான் செய்யும் தொழிலும் வைத்திருந்த கறுப்பர். வெள்ளை நில உடைமையாளர்களோடு ஒரு தகராறு. அடித்துக் கொல்லக் கும்பல் கிளம்ப, ஊரைவிட்டு ஓடினார். ராபர்ட் பிறப்பதற்கு முன்பே நடந்தது இது. ஒடுக்கப்பட்டவன் நிலம் வாங்கினால், நல்ல வீடு கட்டினால் என்ன நடக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தக் குடும்பத்தில் பிறந்தவர்தான் 'கிராஸ் ரோட் புளூஸ்' எழுதினார்.

அந்தப் பாட்டில் நடப்பது இதுதான். ஒருவன் நாற்சந்தியில் நிற்கிறான். மண்டியிட்டு ஆண்டவனிடம் கருணை கேட்கிறான். போகிற வண்டிகளை நிறுத்தக் கையைக் காட்டுகிறான். யாரும் நிறுத்தவில்லை, யாருக்கும் அவனைத் தெரியவில்லை. பொழுது சாய்கிறது. ஜான்சன் இந்தப் பாட்டை இரண்டு முறை பாடிப் பதிந்திருக்கிறார். இரண்டிலும் பொழுது சாய்கிறது.

பொழுது சாய்வது அங்கே வெறும் வர்ணனை இல்லை. இருட்டியபின் கறுப்பர்கள் ஊர் எல்லைக்குள் இருக்கக் கூடாது என்று பலகை வைத்த ஊர்கள் அமெரிக்காவில் நிறைய இருந்தன. வேலையில்லாமல் சுற்றுகிறான் என்று பிடித்துக் கட்டாய உழைப்புக்கு அனுப்பச் சட்டமே இருந்தது. கும்பல் கொலைகள் எல்லா மாநிலங்களையும்விட அதிகமாகப் பதிவானது மிசிசிப்பியில். அந்த மாநிலத்தில், தெரியாத ஊரில், இருட்டப் போகிற நேரத்தில், ஒரு கறுப்பு இளைஞன் தனியாகச் சாலையில் நிற்கிறான். அவன் ஏன் மண்டியிட்டான் என்று புரிகிறதா? அந்தப் பாட்டில் இருட்டுக்கான பயம் இருப்பதை அமெரிக்க வரலாற்றாய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள்.

நமக்கு இது இன்னும் சீக்கிரம் புரிய வேண்டும். சமூகவியல் படித்தவர்கள் ஜி. எஸ். குர்யேவின் 'இந்தியாவில் சாதியும் இனமும்' நூலைத் தாண்டி வந்திருக்க முடியாது. பேஷ்வா ஆட்சியில் மகர்களும் மாங்குகளும் பிற்பகல் 3 மணிக்கு மேலும் காலை 9 மணிக்கு முன்பும் புனே நகர வாயிலுக்குள் வரக் கூடாது என்றிருந்ததை அதில் அவர் குறிப்பிடுகிறார். அந்த நேரங்களில் அவர்களின் நிழல் நீளமாக விழும், அது மேலே பட்டால் தீட்டு. சூரியன் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து ஒரு மனிதன் எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்த சமூகம் நம்முடையது. இரவில் பக்கத்து ஊர்த் தெரு வழியாக பைக்கில் வர யோசிக்கிற தம்பிகள் இன்றும் என் வேலை நடக்கிற கிராமங்களில் இருக்கிறார்கள்.

சரி, கிளாப்டன் என்ன செய்தார்? 1968 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் கிரீம் குழு வாசித்த 'கிராஸ்ரோட்ஸ்' ராக் இசையின் உச்சங்களில் ஒன்று என்பார்கள். கேட்டால் மறுக்க முடியாது, கிட்டார் தீப்பிடிக்கிறது. ஆனால் அதில் பொழுது சாய்கிற வரிகள் இல்லை. அந்த இடத்தில் ஜான்சனின் வேறொரு பாட்டிலிருந்து எடுத்த வரிகள் வருகின்றன. ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ரோஸ்டேல் ஊருக்கு உல்லாசமாகப் போகிற வரிகள். இருட்டில் மாட்டிக்கொள்ளப் போகிறவனை வார இறுதிக்கு ஊர் சுற்றப் போகிறவனாக மாற்றியாயிற்று. வேகமும் கூடிவிட்டது. பயத்தில் நிற்கிறவனிடம் அந்த வேகம் இருக்காது.

வேண்டுமென்றே சதி செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த வரிகள் எதற்கு இருக்கின்றன என்று தெரியவில்லை, அதனால் எடுத்துவிடுவது சுலபமாக இருந்தது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டக் கிராமத்தில் வளர்ந்த வெள்ளைப் பையனுக்கு மாலை நேரம் என்றால் மாலை நேரம்தான்.

ஜான்சனைப் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படும் இன்னொரு கதை உண்டு. நாற்சந்தியில் நள்ளிரவில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிட்டார் வித்தையைப் பெற்றார் என்பது. அந்தப் பாட்டில் சாத்தான் எங்குமே வரவில்லை, அவன் கூப்பிடுவது ஆண்டவனைத்தான். அந்தச் சாத்தான் கதை முதலில் சொல்லப்பட்டது டாமி ஜான்சன் என்ற வேறொரு கலைஞரைப் பற்றி. 1960களுக்குப் பின் வெள்ளை ரசிகர்களும் எழுத்தாளர்களும் அதை ராபர்ட் மேல் ஏற்றி ஊதிப் பெருக்கினார்கள், 1986இல் ஹாலிவுட் படமும் வந்தது. உண்மையில் ராபர்ட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஐக் ஜிம்மர்மன் என்ற கறுப்பினக் கலைஞர். இரவில் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கட்டும் என்று இருவரும் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்திருக்கிறார்கள். ஆசான், மாணவன், ராத்திரி ராத்திரியாகப் பயிற்சி. இதை ஒரு வெள்ளை மேதையைப் பற்றிச் சொன்னால் சாதகம், தவம் என்பார்கள். கறுப்பன் என்றால் சாத்தான் கொடுத்தது!

நம் ஊரில் இதற்கு வேறு வார்த்தை. பறையடிக்கிற அண்ணனைப் பார்த்து, "அவங்களுக்கு ரத்தத்துலயே ஊறுனது" என்பார்கள். பாராட்டுகிற குரலில்தான் சொல்வார்கள். ரத்தத்தில் ஊறியதென்றால் கற்க வேண்டியதில்லை. கற்காததற்குக் கூலி எதற்கு, மேடை எதற்கு, குரு என்ற மரியாதை எதற்கு? விரல் வெடித்து ரத்தம் கட்டுகிற அளவுக்குக் குச்சி பிடித்த பழக்கம் அந்தப் பாராட்டில் காணாமல் போகிறது.

இனி மார்லிக்கு வருவோம். 'ஐ ஷாட் த ஷெரிஃப்' 1973இல் வெய்லர்ஸ் குழுவின் 'பர்னின்' தொகுப்பில் வந்தது. போலீஸ் அதிகாரி ஒருவன் ஏழை ஒருவனை ஓயாமல் வேட்டையாடுகிறான்; அவன் விதைப்பது எதையும் முளைக்க விடுவதில்லை. ஒருநாள் தற்காப்புக்காக அவன் அந்த அதிகாரியைச் சுட்டுவிடுகிறான். செய்ததை ஒத்துக்கொள்கிறான், செய்யாத இன்னொரு கொலையையும் தன் தலையில் கட்டுவதை மறுக்கிறான். போலீஸ் என்றே எழுத நினைத்ததாகவும், அரசாங்கம் பிரச்சினை செய்யும் என்பதால் ஷெரிஃப் என்று வைத்ததாகவும் மார்லி சொல்லியிருக்கிறார். பொய் வழக்கு, கூடுதலாக இன்னொரு வழக்கு. நம் பிள்ளைகளின் ஜாமீனுக்கு நீதிமன்ற வாசலில் நின்றவர்களுக்கு இது அந்நியக் கதை இல்லை.

மார்லியுடன் தொலைபேசியில் பேசியபோது இந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று கேட்டதாகக் கிளாப்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மார்லி சொன்ன பதில் அவருக்குப் பெரிதாகப் புரியவில்லையாம். தான் பாடிய விதம் மார்லிக்குப் பிடித்திருந்தது என்பதே நிம்மதி என்று விட்டுவிட்டார். உலகம் முழுக்க விற்ற பாட்டு, எழுதியவரே தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறார், புரியவில்லை என்றால் இன்னொரு முறை கேட்கக் கூடாதா? அங்கீகாரம் கிடைத்ததும் கேள்வி முடிந்துவிட்டது. இந்த இடம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. நம்மைப் பற்றிப் படம் எடுக்க, ஆய்வு செய்ய, பாட்டுப் போட வருகிற நல்லெண்ணக்காரர்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். "நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், நோட்டுப் புத்தகம் மூடப்படும்.

கிளாப்டன் பர்மிங்காமில் பேசிய அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று கிங்ஸ்டனில் மார்லியின் வீட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் நுழைந்து சுட்டார்கள். அவருக்கும் மனைவி ரீட்டாவுக்கும் காயம். பாடியவர்களில் யாருக்கு எது பாட்டு, யாருக்கு எது வாழ்க்கை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பர்மிங்காம் பேச்சு சும்மா போகவில்லை. ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக்காரரும் ரோஜர் ஹடிலும் நண்பர்களும் சேர்ந்து இசைப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உன் இசையில் பாதி கறுப்பர்களுடையது என்று கிளாப்டனுக்கு நினைவூட்டினார்கள். அந்த ஷெரிஃபைச் சுட்டது நிச்சயம் நீ இல்லை என்று பின்குறிப்பில் கேலி செய்தார்கள். எங்களோடு சேருங்கள் என்று முகவரி கொடுத்தார்கள், கடிதங்கள் குவிந்தன. 'நிறவெறிக்கு எதிரான ராக்' இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்கா வரை பல்லாயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போனார்கள். பூங்கா மேடையில் த கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், டாம் ராபின்சன். ஒரு கடிதத்தில் தொடங்கியது என்பதை மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

த கிளாஷ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பர்மிங்காம் பேச்சு நடந்து 25 நாள் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று லண்டனின் நாட்டிங்ஹில் திருவிழாவில் போலீசுக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் பெரும் மோதல் வெடித்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த இரண்டு வெள்ளை இளைஞர்கள் ஜோ ஸ்ட்ரம்மரும் பால் சிமனனும். அந்தக் கோடையில் தெருவெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்'. மறு ஆண்டு கிளாஷ் தங்கள் முதல் தொகுப்பில் அதைப் பாடினார்கள். ரெகே இசையாக அது சுமார்தான். மர்வினின் குரலில் இருந்த மென்மை எங்கே, இவர்களின் கத்தல் எங்கே. மர்வினுக்கே பிடிக்கவில்லை என்பார்கள். ஆனாலும் அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. லத்தி வீசப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பாடினார்கள். கிளாப்டனிடம் சுருதி சுத்தமாக இருந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

நியாயமாக ஒன்றையும் ஒத்துக்கொள்வோம். கிளாப்டன் பாடியதால்தான் மார்லியின் பெயர் பல அமெரிக்க வீடுகளுக்குப் போனது. கிரீம் குழு 'ஐம் சோ கிளாட்' பாட்டை எடுத்ததால் அதை எழுதிய ஸ்கிப் ஜேம்ஸுக்குக் கடைசிக்காலத்தில் நோயோடு இருந்தபோது உரிமைத்தொகை கிடைத்தது. பணம் சின்ன விஷயம் இல்லை. ராபர்ட் ஜான்சனின் மகன் கிளாட் ஜான்சன் வாழ்நாளெல்லாம் சரளைக்கல் லாரி ஓட்டியவர். அவரே வாரிசு என்று மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2000இல்தான், தந்தை இறந்து 62 ஆண்டு கழித்து. எனவே எழுதியவருக்குக் காசு போய்ச் சேருகிறதா என்பதை முதலில் கேளுங்கள். ஆனால் காசு கொடுத்தவர் பாட்டைப் புரிந்துகொண்டவர் என்று கணக்குப் போடாதீர்கள்.

2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது நடந்தது உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து, நிலமற்றவர்களின் பாட்டாக அறிவு அதை எழுதினார். கொஞ்ச நாளில் அது கல்யாண வீட்டு ஆட்டப்பாட்டாகி, கல்லூரி விழா மேடைகளில் எத்தனையோ இசைக்குழுக்கள் எடுத்துப் பாடின. அதே ஆண்டு ஓர் இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைப் பேசிய இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லை. அந்தச் சர்ச்சை பற்றி நிறைய எழுதியாயிற்று. எனக்கு அதைவிட முக்கியம், அந்த மேடைக் குழுக்களில் எத்தனை பேர் ஒப்பாரியாக வரும் பகுதியை முழுதாகப் பாடினார்கள் என்பது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் அதைச் சுருக்கிவிட்டு ஆட்டம்போடும் இடத்துக்குத் தாவினார்கள். கிளாப்டன் பொழுது சாய்வதை வெட்டிய அதே கத்திரி.

நம் பக்கமும் பார்ப்போம். ராப் எழுதும் தம்பிகள், ரெகே கேட்கும் தங்கைகள் இப்போது நிறைய. அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் மார்லி படம் ஒட்டிய அறைகளைப் பார்க்கிறேன், மகிழ்ச்சிதான். ஆனால் பல டீ-சர்ட்டுகளில் மார்லி என்றால் சடைமுடியும் கஞ்சா இலையும் மட்டும். 1976இல் அவர் பாடிய 'வார்' பாட்டின் வரிகள் பெரும்பாலும் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி 1963 அக்டோபரில் ஐ.நா. சபையில் ஆற்றிய உரையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. ஐ.நா. உரையை எடுத்து, தாளம் சேர்த்து, சேரி இளைஞன் பாடுகிற பாட்டாக்கினார் மார்லி. அந்த அரசரின் சொந்த நாட்டில் மக்கள் பஞ்சத்தில் செத்ததும், 1974இல் அவர் பதவியிழந்ததும் தனிக் கதை. மார்லியும் தன் பங்குக்கு அரசரைத் தவறாகப் படித்தார் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த உரையைச் சரியாகப் படித்தார்.

அம்பேத்கர் 1946இல் அமெரிக்காவின் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தையும் இங்கே நினைக்கிறேன். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதியை அவர் கேட்டிருந்தார். தூரத்து ஒடுக்கப்பட்டவர்களின் போராட்டத்தை வியந்து இரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்தவில்லை, அவர்கள் என்ன எழுதினார்கள் என்று வாங்கிப் படிக்கப் பார்த்தார். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் கறுஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டதும் வெறும் பெயர் அழகுக்காக இல்லை.

கிளாப்டனின் கதை 1976இல் முடியவில்லை. 2004இல் ராபர்ட் ஜான்சனின் பாடல்களை மட்டுமே வைத்து ஒரு முழுத் தொகுப்பு வெளியிட்டார். அதே ஆண்டு ஒரு பேட்டியில் இனோக் பவலைத் துணிச்சல்காரர் என்று புகழ்ந்தார். நாற்சந்தி என்ற பெயரிலேயே கிட்டார் திருவிழாவையும் அந்த ஆண்டுதான் தொடங்கினார். 2018இல்தான் அன்று பேசியதற்கு வெட்கப்படுவதாகச் சொன்னார். தான் அப்படிப் பேசியது பொருந்தவே இல்லை என்றும், தன் நண்பர்களில் பாதிப்பேர் கறுப்பர்கள், தான் கறுப்பின இசையைத் தூக்கிப் பிடித்தவன் என்றும் சேர்த்துச் சொன்னார். "எனக்கு எஸ்.சி. ஃபிரண்ட்ஸ் நிறைய பேர் இருக்காங்க" என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது எவ்வளவு பழைய பாட்டு!

படிப்பு வட்டம் நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேலை. ராபர்ட் ஜான்சனின் பதிவும் கிரீம் குழுவின் பதிவும் இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் ஜான்சன், பிறகு கிரீம். வண்டிகள் நிற்காமல் போகிற இடம் இரண்டிலும் வரும். பொழுது சாய்வது ஒன்றில்தான் வரும். எது, ஏன் என்று புதிதாக வந்த பிள்ளைகளிடம் விடுங்கள். அரை மணி நேரம் நீங்கள் வாய் திறக்க வேண்டியிருக்காது.